வால் இல்லாத நகல்: ஒரு பூ மண்டிக் கணக்கில் 29 பதிவுகள் விடுபட்ட நிகழ்வு

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ கமிஷன் கடை நடத்தும் ஒருவரின் கணக்கில் 2024 ஆகஸ்டில் நடந்தது இது. கணக்குச் செயலியை எழுதியவன் நான், தவறும் என்னுடையது. கடைக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

கடைக்காரர் ஓசூர் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரோஜா, சாமந்தி, செண்டுமல்லி, கொஞ்சம் கனகாம்பரம் என்று அதிகாலை மூன்று மணிக்கே சரக்கு இறங்கிவிடும். சில்லறை வியாபாரிகளும் பூ கட்டி விற்கும் பெண்களுமாக ஏறக்குறைய நூற்றைம்பது பேர் வாடிக்கை. முக்கால்வாசிப் பேர் காலையில் கடனுக்கு எடுத்துப் போய், சாயங்காலம் விற்ற காசைக் கொண்டுவந்து கட்டுபவர்கள். ஆக, பூ வியாபாரம் என்று சொன்னாலும் கடையின் உயிர் பாக்கிக் கணக்கில்தான் இருக்கிறது.

2022 வரை நோட்டுதான். தண்ணீர் சொட்டும் இடத்தில் நோட்டு ஊறிப்போகிறது என்று அவர் கேட்டுக்கொண்டதால் ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தேன். அதை இப்போது ஆறு கடைகள் பயன்படுத்துகின்றன. கணக்கை சர்வரில் வைக்கலாம் என்று முதலிலேயே சொன்னேன். "வேணாம் தம்பி, என் கணக்கு என் போன்லயே இருக்கட்டும்" என்றார். மார்க்கெட்டுக்குள் சிக்னலும் நிலையாக இருக்காது. அதனால் எல்லாமே போனுக்குள் என்று முடிவானது. அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

தரவு இருந்த இடம்

செயலி ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும். கணக்கு முழுவதும் எஸ்க்யூலைட் என்ற, போனுக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கும் தரவுத்தளத்தில், ரூம் என்ற நிரல் நூலகத்தின் வழியாக. எழுத்தின் அளவு, கடைசியாக பேக்கப் எடுத்த நேரம் மாதிரியான சில்லறை விஷயங்கள் ஷேர்டு பிரிஃபரன்சஸ் என்ற அமைப்புக் கோப்பில். பில் போட்டோக்கள் செயலிக்கே உரிய உள் கோப்புறையில். கேஷ் என்ற தற்காலிகக் கோப்புறையில் எதையும் வைக்கவில்லை. போனில் இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டு அதைக் கேட்காமலே காலி செய்துவிடும்.

மற்ற மூன்றும் பத்திரமான இடங்கள்தான், போன் உயிரோடு இருக்கும்வரை. செயலியை நீக்கினால் மூன்றும் சேர்ந்தே போகும். ஆண்ட்ராய்டு 6 முதல் தானியங்கி பேக்கப் வசதி இருக்கிறது, ஆனால் ஒரு செயலிக்கு 25 எம்.பி.தான். போட்டோக்கள் அந்த அளவைத் தாண்டியதும் நான் அதை மொத்தமாக அணைத்துவிட்டேன். போட்டோக்களை மட்டும் விலக்கச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

அதற்குப் பதிலாக நானே ஒன்று எழுதினேன். இரவு ஒன்பதரை வாக்கில், வீட்டு வைஃபை கிடைத்ததும், தரவுத்தளக் கோப்பைக் கடைக்காரரின் கூகுள் டிரைவுக்கு நகலெடுக்கும். கடைசி ஏழு நாள் நகல்கள் இருக்கும். நகல் ஏறியதும் முகப்பில் ஒரு பச்சை டிக் வரும். இரண்டு வருடமாக அந்த டிக் ஒரு நாளும் தவறியதில்லை.

புதன் அதிகாலை

ஆகஸ்ட் 16 வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி பண்டிகை. நம் வரலட்சுமி நோன்புதான், ஆனால் பெங்களூரில் அன்றைக்குப் பூ விற்கும் விலையும் வேகமும் வேறு. முந்தைய இரண்டு மூன்று நாட்கள் மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

14ஆம் தேதி அதிகாலை ஐந்து மணிக்குக் கடைக்காரரின் போன் பூ நனைக்கும் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. எடுத்தபோது திரை கறுப்பு. மதியத்துக்குள் மகன் புதுப் போன் வாங்கி, செயலியை நிறுவி, செவ்வாய் இரவு எடுத்த நகலிலிருந்து கணக்கை மீட்டார். என்னைக் கூப்பிடத் தேவையே வரவில்லை. எல்லா வாடிக்கையாளர்களும் இருந்தார்கள், பாக்கித் தொகைகளும் இருந்தன. புதன் காலை விழுந்த பதிவுகள் மட்டும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். கடைப் பையன்களின் ஞாபகத்திலிருந்தும் எடை போட்ட துண்டுச் சீட்டுகளிலிருந்தும் அவற்றைத் திரும்ப ஏற்றினார்கள்.

இந்த இடத்தை இப்போது திரும்பிப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. புதன் காலைக் கணக்கு போனது எல்லோருக்கும் தெரிந்த இழப்பு. அதைச் சரிசெய்யும் மும்முரத்தில், தெரியாத இழப்பு ஒன்று இருக்கக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை

ஸ்ரீராமபுரத்தில் கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அறுபது வயது அம்மா ஒருவர் 17ஆம் தேதி வந்தார். கடைக்காரர் போனைப் பார்த்து, "2,600 பாக்கி நிக்குதும்மா" என்றார். "என்னப்பா, செவ்வாக்கிழமை ராத்திரி உன் கையிலதானே குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. போனில் வரவு இல்லை. பண்டிகைக் களைப்பு, மூன்று நாள் தூக்கமில்லை. கடைக்காரர் குரலை உயர்த்திவிட்டார். அந்த அம்மா பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக் கடைக்குப் போய்விட்டார். பதினெட்டு வருடத்து வாடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். மூன்று பேருமே செவ்வாய் இரவு கட்டியதாகச் சொன்னதுதான் கடைக்காரரை உலுக்கியது. திங்கள் காலை எனக்குப் போன் வந்தது. "தம்பி, மூணு பேரு ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்க. உன் ஆப்புல ஏதோ இருக்கு."

முதலில் பார்த்தது

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். புதுப் போனில் மீட்ட நகலை எடுத்து எஸ்க்யூலைட்டின் முழுமைச் சோதனையை ஓட்டினேன். "ஓகே" என்றது. ஒரு பக்கம்கூடக் கெட்டுப்போகவில்லை. பாக்கித் தொகைகளைப் பதிவுகளிலிருந்து திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பைசா சுத்தமாக ஒத்துப்போனது. அரை மணி நேரத்துக்கு, கடைக்காரர்தான் வரவு வைக்க மறந்திருப்பார் என்று நான் நம்பினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமைப் பதிவுகளை நேரப்படி அடுக்கினேன். கடைசிப் பதிவு இரவு 7:41. இந்தக் கடையில் வசூல் ஒன்பது மணிவரை நடக்கும், அதுவும் பண்டிகை வாரத்தில். முந்தைய செவ்வாய்களில் ஒன்பதைத் தாண்டியும் பதிவுகள் இருந்தன. நகல் எடுத்தது 9:34க்கு. நடுவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வெறுமையாக இருந்தது.

டிரைவைத் திறந்தேன். ஏழு நாளுக்கு ஏழு கோப்புகள், எல்லாமே தரவுத்தளக் கோப்பு மட்டும். பார்த்ததும் விளங்கிவிட்டது.

காரணம்

எஸ்க்யூலைட்டில் 2010இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து ரைட் அஹெட் லாகிங் என்ற முறை இருக்கிறது. அதில் புதிய பதிவு நேராக முதன்மைக் கோப்புக்குப் போகாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோப்பில் வரிசையாகச் சேரும். அந்தக் கோப்பின் பெயர் டபிள்யூ, ஏ, எல் என்ற மூன்று எழுத்துகளில் முடிவதால் நாங்கள் "வால் ஃபைல்" என்றே சொல்வோம். தமிழில் அந்தப் பெயர் தானாகவே பொருந்திவிட்டது, கணக்கின் வால் இருப்பது அதில்தான்.

வால் ஓர் அளவுக்கு வளர்ந்ததும் அதில் உள்ளவை முதன்மைக் கோப்புக்கு ஏற்றப்படும். இதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். எஸ்க்யூலைட்டின் இயல்பான வரம்பு 1000 பக்கங்கள். ஆண்ட்ராய்டு அதை 100ஆகக் குறைத்து வைத்திருக்கிறது. பக்கம் என்பது கோப்பின் ஒரு துண்டு, 4 கே.பி. அளவு. என் செயலியில் ஒரு வரவுப் பதிவு மூன்று பக்கங்களைத் தொடும்: பதிவு, அதைத் தேட உதவும் அட்டவணை, வாடிக்கையாளரின் பாக்கி. ஆக எந்த நேரத்திலும் முப்பது சொச்சம் பதிவுகள்வரை வாலிலேயே இருக்கலாம். தரவுத்தளத்தோடு உள்ள கடைசி இணைப்பு ஒழுங்காக மூடப்பட்டாலும் செக்பாயிண்ட் நடக்கும். ஆனால் என் செயலி தரவுத்தளத்தை ஒருபோதும் மூடுவதில்லை. ஆண்ட்ராய்டு செயலியை நிறுத்தும்போதும் சொல்லிக்கொண்டு நிறுத்துவதில்லை.

இதில் எஸ்க்யூலைட்டின் குற்றம் எதுவும் இல்லை. போனுக்குள் ஒரு பதிவும் தொலையவில்லை. செயலியைத் திறந்தால் இரண்டு கோப்பையும் சேர்த்தே படிக்கும், திரையில் எல்லாம் தெரியும். ஒரு கோப்பை மட்டும் நகலெடுத்தது நான்.

கடைக்காரருக்கு இதை விளக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே நிறுத்தி, "அப்போ பேரேட்டை மட்டும் காப்பி எடுத்துட்டு சிட்டையை விட்டுட்ட" என்றார். அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை. அன்றாடம் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றிப் பழகிய கை அவருடையது.

முழுமைச் சோதனை "ஓகே" சொன்னதும் இதனால்தான். செக்பாயிண்ட் முடிந்த பேரேடு தன்னளவில் சரியாகவே இருக்கும். கொஞ்சம் பழசாக இருக்கும், அவ்வளவுதான்.

என் சோதனையில் ஏன் சிக்கவில்லை

பேக்கப்பை நான் சோதிக்காமல் விடவில்லை. இரண்டு விதமாகச் சோதித்தேன், இரண்டுமே என்னை ஏமாற்றின.

முதலாவது, என்னிடம் இருந்ததிலேயே மட்டமான போனில் சோதித்தேன். 1 ஜி.பி. நினைவகம், ஆண்ட்ராய்டு கோ. இதில் ஓடினால் எதிலும் ஓடும் என்ற கணக்கு. ஆனால் ரூமை அதன் இயல்புப்படி விட்டால், குறைந்த நினைவகப் போன் என்று தெரிந்ததும் அது வால் முறையைத் தேர்ந்தெடுக்காது. பதிவை நேராக முதன்மைக் கோப்பிலேயே எழுதும் பழைய டிரங்கேட் முறைக்குப் போய்விடும். அந்தப் போனில் வாலே கிடையாது. கடைக்காரரின் போன் 4 ஜி.பி. நல்ல போன், அதனால்தான் மாட்டினார்.

இரண்டாவது, நல்ல போனில் ஆயிரம் பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றி, நகலெடுத்து, மீட்டு, எண்ணிப் பார்த்தேன். ஆயிரமும் இருந்தன. ஒரே பரிவர்த்தனையில், அதாவது ஒரே தொகுப்பாக, அத்தனை போனால் நூறு பக்க வரம்பு அப்போதே தாண்டி, செக்பாயிண்ட்டும் உடனே நடந்துவிடும். ஒவ்வொன்றாக இருபது பதிவு போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கடையில் யாரும் ஆயிரம் பதிவை ஒரே மூச்சில் போடுவதில்லை, என் சோதனையில் மட்டும்தான் அப்படி ஒரு வியாபாரி இருந்தார்.

மீட்டது

பழைய போனில் வால் இன்னும் இருக்க வேண்டும். முதல் வேலையாக, அதை யாரும் தொடக்கூடாது, ரீசெட் செய்யக்கூடாது, செயலியை நீக்கக்கூடாது என்று சொன்னேன். எஸ்.பி. ரோட்டில் ஒரு ரிப்பேர்காரர் சிப்பைக் கழற்றித் தரவை எடுத்துத் தருகிறேன் என்று 6,000 ரூபாய் கேட்டாராம். வேண்டாம் என்றேன். ஆண்ட்ராய்டு 10உடன் வெளியான போன் அது. அந்தப் பதிப்பிலிருந்து புதுப் போன்களில் கோப்புக் குறியாக்கம் கட்டாயம். போனே எழுந்து, உரியவர் பேட்டர்ன் போட்டால்தான் திறக்கும். தனியாகக் கழற்றிய சிப்பில் அர்த்தமுள்ள எதுவும் கிடைக்காது.

போனைக் காயவைத்து, அதே ரிப்பேர்காரரிடம் சார்ஜ் ஏறும் பகுதியை மட்டும் மாற்றச் சொன்னோம். புதன்கிழமை போன் எழுந்தது. திரையில் பாதி கோடு கோடாக, தொடுதிரை செத்துப்போய். ஓ.டி.ஜி. கேபிளில் ஒரு மவுஸைச் செருகி, அம்புக்குறியை இழுத்துப் பேட்டர்ன் போட்டார் கடைக்காரர். மூன்றாவது முறை திறந்தது. முதலில் வைஃபையை அணைத்தேன், இல்லையென்றால் இரவு இதுவும் தன் நகலை டிரைவில் ஏற்றும்.

செயலியைத் திறந்ததும் செவ்வாய் இரவு 9:12 வரை எல்லாம் இருந்தது. புதன் காலை 4:50 வரைகூட இருந்தது. செயலியின் உள் கோப்புகளை வெளியே எடுக்க வழியில்லை. கடைக்குக் கொடுத்த பதிப்பில் அதற்கு அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. ஒவ்வொரு திரையையும் இன்னொரு போனில் படமெடுத்தோம். 7:41க்கும் 9:12க்கும் நடுவில் 29 பதிவுகள். 21 வரவு, மொத்தம் 31,850 ரூபாய். 8 கடன் சரக்கு, 14,200 ரூபாய்.

21 பேர் காசு கட்டியிருந்தும் புகார் சொன்னது மூன்று பேர்தான். மீதிப் பேரிடம் இன்னும் பாக்கி கேட்கவில்லை, அவ்வளவுதான். கடனுக்குச் சரக்கு எடுத்த எட்டுப் பேரில் ஒருவர் மட்டும், "அண்ணா, செவ்வாக்கிழமை எடுத்த சாமந்தி என் கணக்குல ஏறலையே" என்று தானாக வந்து சொல்லியிருந்தார். பையன் சரியாகக் காதில் வாங்கவில்லை. மற்ற ஏழு பேர் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பண்டிகை வாரத்தில் யார் யாருடைய கணக்கைப் பார்க்கிறார்கள்?

மாற்றியதும், ஏன் என்பதும்

நான்கு வழிகள் இருந்தன. வால் ஃபைலையும் சேர்த்து நகலெடுக்கலாம். ஆனால் ஒன்றை எடுத்து மற்றதை எடுப்பதற்குள் ஒரு பதிவு விழுந்தால் இரண்டும் பொருந்தாமல் போகும். வேக்யூம் இன்டூ என்ற கட்டளை ஓடும் தரவுத்தளத்திலிருந்தே முழு நகலை எழுதித் தரும், எனக்குப் பிடித்த வழி அது. ஆனால் அது எஸ்க்யூலைட் 3.27இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 10இல் இருப்பது 3.22, 11இல்தான் 3.28 வருகிறது. ஆறு கடைகளில் இரண்டு போன் பழசு. மூன்றாவதாக, வால் முறையையே விட்டுவிட்டு டிரங்கேட்டுக்குப் போகலாம். ஒரே ஆள் பயன்படுத்தும் செயலிக்கு அது போதும்தான். ஆனால் பெரிய கணக்குகளில் பட்டியல் திறந்திருக்கும்போதே வரவு வைக்கையில் திரை திக்கியது, கை விட்டுவிட்டேன்.

எடுத்தது நான்காவது. நகலுக்கு முன் செக்பாயிண்ட்டை நாமே கேட்பது. இதில் ஒரு நுணுக்கம்: கட்டளை பிழை எதுவும் காட்டாமல் திரும்பினாலும் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. அது திருப்பித் தரும் வரிசையின் முதல் எண் பூஜ்யமா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஒன்று என்றால் யாரோ குறுக்கே இருக்கிறார்கள், மறுபடி முயல வேண்டும். பூஜ்யம் வந்ததும், வேறு பதிவு நுழையாதபடி ஒரு எழுத்துப் பரிவர்த்தனையைத் திறந்து, வால் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகே நகல்.

நகலைத் தனியாகத் திறந்து, பதிவுகளின் எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் எண்ணையும் போனில் உள்ளதோடு ஒப்பிடுகிறேன். ஒத்தால்தான் பச்சை டிக். குறியீட்டைப் படிக்கும்போது மீட்கும் பகுதியிலும் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது: பழைய வால் இருக்கும்போதே மேலே புதுத் தரவுத்தளத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கின் உடம்பில் இன்னொரு கணக்கின் வால். யாருக்கும் அது நடக்கவில்லை, அதிர்ஷ்டம்தான். இப்போது முதலில் பழையதை நீக்கிவிட்டே வைக்கிறது.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது திரையில் செய்த ஒரு சின்ன மாற்றத்தை. முன்பு மீட்டு முடிந்ததும் "வெற்றி" என்று வரும். இப்போது கடைசி ஐந்து பதிவுகள் பெயர், தொகை, நேரத்தோடு வரும்; கீழே "இதுக்கு அப்புறம் ஏதாவது நடந்ததா?" என்று கேட்கும். செவ்வாய் இரவு கடையைக் கட்டும்போது கடைசியாகக் காசு கொடுத்தது யார் என்று எனக்கோ என் சோதனைக்கோ தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். புதன் மதியம் அந்தத் திரை இருந்திருந்தால் 7:41 என்பதைப் பார்த்ததுமே மகன் கேட்டிருப்பார்.

பிறகு நடந்தது

மற்ற ஐந்து கடைகளுக்கும் அந்த வாரமே புதுப் பதிப்பு போனது. டிரைவில் இருந்த ஏழு நகல்களைப் போன்களில் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றில் மட்டும் எதுவும் குறையவில்லை. மற்ற ஆறிலும் நான்கிலிருந்து இருபத்தொன்பதுவரை குறைந்திருந்தன. இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடியிருக்கிறது, மீட்க வேண்டிய நாள் வராததால் தெரியவில்லை.

21 வரவுகளையும் ஏற்றியாயிற்று. கடன் சரக்கு எட்டில் ஆறு பேர் திரைப் படத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்கள், தானாக வந்தவரையும் சேர்த்து. இரண்டு பேரிடம் கடைக்காரர் வற்புறுத்தவில்லை. 2,300 ரூபாய் போனது. அதை நான் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை.

கடைக்காரரே ஸ்ரீராமபுரம் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். இப்போது காசு கொடுத்ததும் போகாமல் நிற்கிறார். ஒரு துண்டுச் சீட்டில் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கூடையைத் தூக்குவார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இனி மாற்ற இருப்பது

சீட்டை அச்சடிக்கும் சின்ன பிரிண்டரைச் செயலியோடு இணைக்கும் வேலை நடக்கிறது. தானியங்கி பேக்கப்பை, போட்டோக்களை விலக்கிவிட்டு, இரண்டாவது காப்பாகத் திரும்ப இயக்கப் போகிறேன். சோதனைக்கு இப்போது மூன்று போன்கள்; பதிவுகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, 1இலிருந்து 60வரை போட்டு ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நகலெடுத்து மீட்டுப் பார்க்கும் ஒரு நிரல் இரவில் ஓடுகிறது. பழைய பதிப்பை அதில் ஓட்டியபோது முதல் பதிவிலேயே தோற்றது.

கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் திரும்ப வைத்திருக்கிறார். இரவு ஏழு மணிக்கு மேல் வரும் வரவுகளை மட்டும் அதில் எழுதுகிறார். தேவையில்லை என்று இரண்டு முறை சொன்னேன், பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.